வகுப்பு நேரத்தில் மட்டும் தள்ளாடும் வைஃபை: கோளாறு ரவுட்டரிலா, மடிக்கணினியிலா?

செங்காங் ஆசிரியை
செவ்வாய், இரவு 10.25

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் வீட்டிலிருந்து தமிழ் டியூஷன் எடுக்கிறேன். தொடக்கநிலை 5, 6 பிள்ளைகள். செவ்வாய், வியாழன் மாலை 7.30 முதல் 9 மணிவரை ஸூமில் வகுப்பு. மூன்று வாரமாக வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் வைஃபை தள்ளாட ஆரம்பித்துவிடுகிறது. ஒரேயடியாக அறுந்துபோனால்கூடப் பரவாயில்லை, மறுபடி இணைத்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. இணைப்பு இருப்பதாகவே காட்டும். படம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும். எப்போதாவது முழுதாக வெளியே தள்ளிவிடும்.

ஆகஸ்டில் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதி. வாய்விட்டு வாசிக்க வேண்டும், பிறகு காணொளியைப் பார்த்து உரையாட வேண்டும். பிள்ளை ழகரத்தைச் சரியாகச் சொல்கிறாளா என்று கேட்பதுதான் என் வேலையே. இன்று ஒரு மாணவி 'வாழைப்பழம்' என்று வாசித்தாள். என் காதில் விழுந்தது 'வா... ப்... ம்'. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றேன். தான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்து, சரியாகச் சொன்ன பிள்ளை அடுத்த தடவை ளகரத்துக்கு மாறிவிட்டாள். அவளுடைய அம்மா பிறகு குறுஞ்செய்தி அனுப்பித்தான் முதல் தடவையே சரியாகச் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தது. மனசு ஆறவில்லை.

வீடு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 2016-இல் சாவி வாங்கியது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் வாசல் பக்கம், காலணி அலமாரிக்கு மேலே. என் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பாம் ஷெல்டர், அதாவது வெடிகுண்டுக் காப்பறை. மடிக்கணினி 2019-இல் வாங்கியது, விண்டோஸ். இதுவரை செய்து பார்த்தவை: ரவுட்டரை அணைத்துப் போட்டேன். மடிக்கணினியில் வைஃபை பெயரை மறக்கச் செய்து மறுபடி கடவுச்சொல் போட்டேன். இணைய நிறுவனத்திலிருந்து ஒருவர் சனிக்கிழமை காலை வந்து, வரவேற்பறையில் வேகம் அளந்துவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது, வேண்டுமானால் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் இருந்தபோது மடிக்கணினியும் ஒழுங்காகத்தான் ஓடியது.

அதே மேசையில் கைப்பேசி வைஃபையில் நன்றாக ஓடுகிறது. அப்படியானால் கோளாறு மடிக்கணினியில்தானா? வகுப்பு நேரத்தில் மௌஸ்கூட இழுத்து இழுத்து நகர்கிறது, கணினிக்கு வயதாகிவிட்டதோ என்னவோ. புதிது வாங்கவேண்டும் என்றால் வாங்கிவிடுகிறேன், ஆனால் வாங்கிய பிறகும் இதே நிலை என்றால் தாங்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொங்கோல் வாசி
செவ்வாய், இரவு 11.02

அக்கா, பாம் ஷெல்டர் என்று சொன்னீர்களே, அதுதான் காரணம். 1998 மே மாதத்துக்குப் பிறகு கட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் அது உண்டு. கம்பி கட்டிய கான்கிரீட், இரும்புக் கதவு. வைஃபை அதைத் தாண்டுவது பெரும்பாடு. எங்கள் வீட்டிலும் இதே கதைதான், வீட்டில் பல இடங்களில் வைத்து வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டி மூன்று வாங்கி வைத்ததும் தீர்ந்தது. வைஃபை 6இ வந்த புதிய மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். இங்கே 2023-இல் அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் திறந்துவிட்டார்கள், அதில் கூட்டம் குறைவு.

இரவுப்பணி நெட்வொர்க்
புதன், காலை 6.40

டீச்சர், இப்பதான் வேலை முடிஞ்சு வந்தேன். அவசரப்பட்டு எதையும் வாங்காதீங்க.

பொங்கோல் நண்பர் சொன்ன ஷெல்டர் விஷயம் உண்மை. ஆனா 6 கிகாஹெர்ட்ஸ் உங்களுக்கு உதவாது. அலைவரிசை ஏற ஏற சுவரைத் தாண்டுற சக்தி குறையும். வைஃபை ஓடுற மூணு அலைவரிசையில 2.4 கிகாஹெர்ட்ஸ் தான் அதிக தூரம் போகும், 5 அதைவிடக் குறைவு, 6 இன்னும் குறைவு. அதோட 2019 லேப்டாப்பில் அந்த அலைவரிசையைப் பிடிக்கிற வசதியே இருக்காது. ரவுட்டர் மட்டும் புதுசா இருந்து என்ன பண்ண?

முதல்ல கோளாறு எந்தப் பக்கம்னு பிரிக்கணும். லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரைக்கும் ஒரு தூரம், ரவுட்டரிலிருந்து வெளியே ஒரு தூரம். ஃபோன் நல்லா ஓடுறதால வெளித் தூரம் சரின்னு ஊகிக்கலாம், இருந்தாலும் அளந்துடுவோம். கமாண்ட் ப்ராம்ப்ட் கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங்-னு அடிச்சு, ஒரு இடம் விட்டு 192.168.1.1, இன்னொரு இடம் விட்டு சிறுகோடு, டி. உங்க ரவுட்டர் எண் வேறயா இருந்தா அதுக்கு அடியில ஒட்டியிருக்கிற தாளில் பாருங்க. இது விநாடிக்கு ஒரு தடவை ரவுட்டரைத் தட்டிக் கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் 2, 3, 5 மில்லிவிநாடியில் வந்தா நல்லது. நூறு, ஆயிரம்னு எகிறினாலோ, நேரம் கடந்ததுன்னு வந்தாலோ கோளாறு உங்க அறைக்கும் காலணி அலமாரிக்கும் நடுவிலதான். இன்னொரு கறுப்புத் திரையில் இதே மாதிரி 8.8.8.8-ஐத் தட்டுங்க, அது வெளியே இணையத்தில் இருக்கிற கூகுள் சர்வர். ரவுட்டர் பதில் சீரா இருந்து இது மட்டும் தடுமாறினா, அப்ப நிறுவனத்தைக் கூப்பிடலாம்.

அப்புறம் செட்டிங்ஸ்ல வைஃபை பெயரைத் தட்டி உள்ளே போனா, எந்த அலைவரிசை, அதுக்குள்ள எந்தத் தடம், அதாவது சேனல்னு காட்டும். அதையும் எழுதுங்க. மௌஸ் பத்திச் சொன்னீங்க, அது கம்பியில்லாத மௌஸா?

அங் மோ கியோ அம்மா
புதன், காலை 9.15

மைக்ரோவேவையும் பாருங்கள் சகோதரி. அது இயங்குவதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சூடாக்கும்போதெல்லாம் மகனின் லேப்டாப் திணறும். உங்கள் வகுப்பும் சாப்பாட்டு நேரம்தானே.

இன்னொன்று, டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பவர் பகுதியில் "மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்று ஒரு பெட்டியில் குறி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். மகனுக்குப் பள்ளியில் கொடுத்த கணினியில் பாதித் தொல்லை அதனால்தான் வந்தது.

செங்காங் ஆசிரியை
வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மின்சாரம் சேமிக்கும் குறியை எடுத்தேன். வைஃபை அட்டையின் டிரைவரையும் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பித்தேன். மாற்றமில்லை. இன்று மைக்ரோவேவை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன், என் கணவர் ஆறிய குழம்போடு சாப்பிட்டார். அதனாலும் மாற்றமில்லை.

நேற்று மதியம் 3 மணிக்கு இரவுப்பணித் தம்பி சொன்னபடி தட்டிப் பார்த்தேன். அரை மணிநேரம் ஓடவிட்டேன். 3, 2, 4, 3 என்றே வந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை. இன்று வகுப்பிலும் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தே வைத்திருந்தேன். 7.30-லிருந்தே 40, 380, 1200 என்று போய், நடுநடுவே நேரம் கடந்தது என்று வந்தது. 8.8.8.8-உம் அதே மாதிரிதான். அப்படியானால் என் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் பிரச்சினை, சரியா?

அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், சேனல் 6 என்று காட்டுகிறது. மதியமும் அதுவேதான். கைப்பேசியில் பார்த்தேன், அது 5-இல் இருக்கிறது, ஆனால் இரண்டு கோடுதான். மௌஸ் கம்பியில்லாதது, யுஎஸ்பி துளையில் சின்னதாக ஒன்று செருகுவோமே, அந்த வகை.

மாலையில் அண்டை வீட்டார் எல்லோரும் வேலை முடிந்து வருகிறார்கள், அதனால் நெரிசலா?

இரவுப்பணி நெட்வொர்க்
வெள்ளி, காலை 7.05

அருமையா அளந்திருக்கீங்க டீச்சர். ஆமா, உங்க அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவிலதான்.

நெரிசல்னு நீங்க கேட்டது நியாயம். 2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11-னு மூணுதான். ஒரு புளோக்கில் அத்தனை வீடும் இந்த மூணை வெச்சுத்தான் பங்கு போட்டுக்கணும். ஆனா நெரிசல்னா மாலை ஏற ஏற மெதுமெதுவா மோசமாகும். உங்களுக்கு வகுப்பு ஆரம்பிச்சதும் அடிக்குது, முடிஞ்சதும் நிக்குது. அதனால ஒரு சோதனை: நாளைக்கு சனிக்கிழமை, வகுப்பு இல்லை. அதே 7.30-லிருந்து 9 வரைக்கும் அதே மேசையில் உட்கார்ந்து தட்டிப் பாருங்க. அப்பவும் எகிறினா நேரம்தான் காரணம். எகிறலைன்னா வகுப்புதான் காரணம்.

இன்னொரு கேள்வி. வகுப்புக்குன்னு லேப்டாப்பில் என்னென்ன செருகுவீங்க? ஒண்ணு விடாம எழுதுங்க.

செங்காங் ஆசிரியை
சனி, இரவு 9.10

7.30 முதல் 9 வரை உட்கார்ந்தேன் தம்பி. 3, 3, 2, 5. ஒருமுறை மட்டும் 60. அண்டை வீட்டாரைச் சொன்னது தவறு.

செருகுபவை: பிள்ளைகளுக்கு எழுத்து எழுதிக் காட்ட, மேசைமேல் கழுத்தை வளைத்து நிற்குமே, அந்த ஆவணக் கேமரா. பிள்ளைகளின் முகம் பெரிதாகத் தெரிய இன்னொரு திரை. முன்பெல்லாம் கேமரா மட்டும் நேரடியாகக் கணினியில். போன மாதம் இரண்டாவது திரை வாங்கியபோது, துளை போதவில்லை என்று 25 வெள்ளிக்கு ஒரு யுஎஸ்பி ஹப் வாங்கினேன். இடது பக்கம் செருகி, கேமரா, திரை இரண்டையும் அதில்தான் மாட்டுகிறேன். மௌஸின் சின்னத் துண்டும் அதில்தான். வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன், பேரன் வந்தால் இழுத்துப் போட்டுவிடுவான்.

எழுதும்போதே தோன்றுகிறது, ஹப் வாங்கிய நாளும் தொல்லை தொடங்கிய நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹப்புக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?

இரவுப்பணி நெட்வொர்க்
சனி, இரவு 9.32

இருக்கு டீச்சர், நெருங்கின சம்பந்தம் இருக்கு. இன்னிக்கு எனக்கு லீவு, அதனால விரிவா எழுதறேன்.

இந்த மாதிரி ஹப்புல பெரும்பாலும் இருக்கிற யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும். அந்த வேகத்தில் மின்துடிப்பு ஓடும்போது கேபிளிலிருந்தும் செருகியிலிருந்தும் வானொலி இரைச்சல் கசியும். அந்த இரைச்சல் சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுது. இன்டெல் நிறுவனமே 2012-ல இதை அளந்து ஒரு ஆய்வறிக்கை போட்டிருக்கு. சேனலை 1-க்கோ 11-க்கோ மாத்தினாலும் தப்பிக்க முடியாது, ஏன்னா இரைச்சல் அந்த அலைவரிசை முழுக்கப் பரவியிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இதனால பெரிய பாதிப்பில்லை. அதனாலதான் பக்கத்திலேயே இருந்தும் உங்க ஃபோன் தப்பிச்சுது.

உங்க மௌஸ் இழுத்து இழுத்துப் போச்சே, அதுவும் 2.4-ல ஓடுறதுதான். அதையும் கொண்டுபோய் அந்த ஹப்பிலேயே செருகியிருக்கீங்க. இரைச்சல் போடுற இடத்திலேயே காதை வெச்ச மாதிரி. உங்க முதல் பதிவிலேயே விடை இருந்துச்சு, நான்தான் மௌஸைப் பத்தி இன்னும் கிளறிக் கேட்டிருக்கணும்.

பல லேப்டாப்பில் வைஃபை ஆன்டெனா திரையோட ஓரத்திலோ, கீலுக்குப் பக்கத்திலோ இருக்கும். ஹப்போட கேபிள் அரை சாண் நீளம்தான் இருக்கும், ஹப் லேப்டாப்பை ஒட்டியே கிடக்கும். ரவுட்டர் சிக்னல் ஷெல்டரைத் தாண்டி ஏற்கெனவே மெலிஞ்சு வருது. பக்கத்தில் இப்படி ஒரு இரைச்சல் இருந்தா லேப்டாப்புக்கு எப்படிக் கேட்கும்? ஷெல்டர் மட்டும் இருந்தப்ப ஓடுச்சு. ஹப் மட்டும் இருந்தாலும் ஓடியிருக்கும். ரெண்டும் சேர்ந்ததுதான் வினை.

நம்பிக்கையில விடாதீங்க, கண்ணால பாருங்க. தட்டல் ஓடிக்கிட்டு இருக்கும்போது ஹப்பைச் செருகுங்க, ரெண்டு நிமிஷம் எண்ணைப் பாருங்க, பிடுங்குங்க, மறுபடி பாருங்க. மூணு தடவை பண்ணுங்க.

செங்காங் ஆசிரியை
சனி, இரவு 10.15

தம்பி, கை நடுங்குகிறது.

செருகாமல் 3, 2, 3, 4. ஹப்பைச் செருகி, கேமராவை மாட்டி, திரையையும் மாட்டினேன். முதல் ஏழெட்டு வரி ஒன்றுமில்லை. பிறகு 45, 210, 890, நேரம் கடந்தது, நேரம் கடந்தது, 1300. பிடுங்கினேன். இரண்டே வரிதான், 3-க்கு வந்துவிட்டது. மறுபடி செருகினேன், மறுபடி அப்படியே. மூன்றாவது தடவை என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். செருகியபடியே ஹப்பை மட்டும் கையில் எடுத்து, கேபிள் எட்டும்வரை திரையின் மேல் மூலைப் பக்கம் கொண்டுபோனேன், இன்னும் மோசம். கீழே மேசைக்கு அடியில் தொங்கவிட்டேன், எண்கள் பாதியாகக் குறைந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கையால் நகர்த்துவது போல இருந்தது.

இனி என்ன செய்யலாம்? அடுத்த வகுப்பு செவ்வாய்.

இரவுப்பணி நெட்வொர்க்
சனி, இரவு 10.40

ரொம்ப சந்தோஷம் டீச்சர். செவ்வாய்க்குள்ள பண்ணக்கூடியதைச் சொல்றேன்.

ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, ஹப்பை லேப்டாப்பை விட்டுத் தள்ளி வைங்க. கேபிளும் இரைச்சலை அடக்குற உறை போட்டதா இருக்கணும், ஒல்லியா மலிவா இருக்கிறது வேண்டாம். மௌஸ் துண்டை ஹப்பிலிருந்து எடுத்து லேப்டாப்போட வலது பக்கத் துளையில செருகுங்க. ஆவணக் கேமராவுக்குப் பழைய, மெதுவான யுஎஸ்பி 2 போதும்னா முன்ன மாதிரி நேரா லேப்டாப்பிலேயே மாட்டிடலாம்.

அதைவிட முக்கியம், லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துறது. டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அட்டையோட அட்வான்ஸ்ட் பகுதியில் எந்த அலைவரிசைக்கு முன்னுரிமைன்னு ஒரு வரி பல அட்டைகளில் இருக்கும். அங்க 5-ஐத் தேர்ந்தெடுங்க. இல்லைன்னா ரவுட்டரில் ரெண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வெச்சு, லேப்டாப்பை 5-ல மட்டும் இணைங்க. ஆனா 5 உங்க அறைக்கு ரெண்டு கோடுதான் எட்டுது. அதனால ரவுட்டரை ஷெல்டர் சுவருக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டுக்குள்ள இருக்கிற நடைபாதையைப் பார்க்கிற மாதிரி வைங்க. ஃபைபர் கேபிளை மடிக்காதீங்க, உடைஞ்சா அதுக்கு ஆள் வரணும். ஃபைபர் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதிலிருந்து ரவுட்டருக்குப் போற லேன் கேபிளை மட்டும் நீளமா மாத்துங்க. ஷெல்டர் சுவரைக் குடைஞ்சு கேபிள் விடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, அதுக்கு அனுமதி கிடையாது.

உங்க அறைச் சுவரில் எங்கேயாவது டேட்டா பாயிண்ட், அதான் லேன் கேபிள் செருகுற துளை, இருக்கான்னும் பாருங்க. உங்க வீடு கட்டின காலத்துக்கு இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தா கம்பியிலேயே போயிடலாம், அதுக்கு மேல நிம்மதி வேற இல்லை.

தெம்பனிஸ் தாத்தா
ஞாயிறு, காலை 8.20

5-க்கு மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள் அம்மா. நான் மாறிய புதிதில், நாளில் இரண்டு மூன்று தடவை ஒரு நிமிடம் வைஃபையே காணாமல் போகும். ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்தால் "ராடார் கண்டறியப்பட்டது" என்று இருந்தது. 52 முதல் 64 வரை, 100 முதல் 144 வரை உள்ள சேனல்களை ராடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ராடார் போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும், அந்த வகைப் புதிய சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசலாம். விதி அப்படி. சேனலைத் தானியங்கியில் விடாமல் 36-இலோ 149-இலோ நிறுத்திவையுங்கள். அதன் பிறகு எனக்கு ஒருநாளும் போகவில்லை.

செங்காங் ஆசிரியை
செவ்வாய், இரவு 9.30

இப்போதுதான் வகுப்பு முடிந்தது. முடிந்த கையோடு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீட்டிப்புக் கேபிள் வாங்கினேன், 9 வெள்ளி. ஹப் இப்போது மேசைக்கு அடியில், நாற்காலிக் கால் பக்கம். ரவுட்டரைக் காலணி அலமாரியிலிருந்து எடுத்து நடைபாதை முனையில் ஒரு முக்காலிமேல் வைத்தோம். 5 கிகாஹெர்ட்ஸ், சேனல் 36, நன்றி ஐயா. என் அறையில் இப்போது மூன்று கோடு. வகுப்பு முழுக்கக் கறுப்புத் திரை ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. 4, 3, 6, 3. ஒன்றரை மணிநேரத்தில் ஒருமுறைகூட நேரம் கடக்கவில்லை.

போன வாரம் பயந்த அந்த மாணவியை முதலில் வாசிக்கச் சொன்னேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், உன் உச்சரிப்பில் பிழையில்லை, என் பக்கம்தான் சத்தம் வரவில்லை என்றேன். மெதுவாகத் தொடங்கினாள். இரண்டாவது பத்தியில் 'கிழக்கு' என்பதைக் 'கிளக்கு' என்றாள். தெளிவாகக் கேட்டது. நாக்கை மடித்து உள்ளே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

டேட்டா பாயிண்டையும் கண்டுபிடித்துவிட்டோம் தம்பி, துணி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அலமாரியை நகர்த்த என் கணவரால் தனியாக முடியாது, மகன் வரவேண்டும். பிஎஸ்எல்இ முடிந்ததும் நகர்த்துகிறோம், அப்போது என்ன கேபிள் வாங்க வேண்டும் என்று உங்களிடம்தான் கேட்பேன்.